குடியை விட விரும்புவோனுக்கு ஒரு துணை



மதுவின் தீமையைப் பற்றி நம் மேடைகளில் பேசாதவர் இல்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. 1904இலும் 1912இலும் இலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் தவறணைகளை எதிர்த்து நின்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதைத் தடை செய்தது. இவையெல்லாம் குடியாதவனைக் காக்கும் வேலிகள். வேலிக்கு அப்பால் விழுந்துவிட்டு, எழ விரும்பியும் எழ முடியாமல் தவிப்பவனுக்கு நாம் என்ன செய்கிறோம்? இன்று நாம் சிந்திக்க வேண்டியது அதுவே.

அவனை நாம் எல்லோரும் அறிவோம். கண்டிப் பட்டணத்துக் கடைகளிலும் இருக்கிறான். ஹந்தானை, புசல்லாவைத் தோட்டத்து லயங்களிலும் இருக்கிறான். படித்த உத்தியோகத்தர் வீடுகளிலும் இருக்கிறான். கோயிற் சந்நிதியில் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறான்; சம்பள நாளன்று அதை முறிக்கிறான். செய்தபோது மனமாரவே செய்தான். ஆனால் நெடுநாட் குடி உடலையும் மூளையையும் தன்வசப்படுத்தி விடுகிறது. ஏச்சும் புத்திமதியும் அவன் வெட்கத்தைப் பெருக்கும். வெட்கம் மறுபடியும் போத்தலிடமே அனுப்பும்.

இதற்கு ஒரு வழி 1935இல், அமெரிக்காவின் அக்ரன் நகரில் பிறந்தது. வில்லியம் வில்சன் என்பவர் நியூயோர்க்கில் பங்கு வியாபாரத் துறையில் இருந்தவர். குடியினால் யாவும் இழந்து, சில மாதங்களுக்கு முன்புதான் அதை விட்டிருந்தார். அக்ரனில் வந்த காரியம் தோற்றது. ஹோட்டல் மண்டபத்தில் தனியே நிற்கையில் பக்கத்து மதுச்சாலையின் ஆரவாரம் அவரை இழுத்தது. அப்பொழுது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது: தன்னைப் போல் துன்புறும் இன்னொருவனோடு பேசினால் தான் தப்பலாம். தொலைபேசியில் ஒரு பாதிரியாரை அழைத்து விசாரித்து, ஒரு பெண்மணியின் உதவியால், குடியினால் சீரழிந்திருந்த றொபேட் ஸ்மித் என்னும் வைத்தியரைச் சந்தித்தார். 15 நிமிடமே இருப்பேன் என்று வந்த வைத்தியர் இரவு 11 மணி கடந்தும் எழுந்திருக்கவில்லை. வில்சன் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார். ஸ்மித் பின்னும் ஒருமுறை தவறினார். ஆயினும் அவ்வாண்டு யூன் 10ஆம் திகதிக்குப் பின், 1950இல் இறக்கும் வரை, அவர் மதுவைத் தொடவில்லை. அந்த நாளையே ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்னும் சங்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

இச்சங்கத்தின் கூட்டத்தில் நடப்பது என்ன? சில நாற்காலிகள், தேநீர், சில மனிதர். அங்கத்துவப் பணம் இல்லை. குடியை விட வேண்டுமென்ற விருப்பம் ஒன்றே போதும். தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, விரும்பினால் பேசலாம், வாய்திறவாமலும் இருக்கலாம். வாழ்நாள் முழுவதுக்கும் சத்தியம் கேட்பாரில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருந்தாற் போதும். 2020இல் கொக்கிறேன் ஆய்வு நிறுவனம் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோயாளரை இக்கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சைகளிலும் மேலானது என்று அது கண்டது.

“இது கிறிஸ்தவ சபையோ?” என்று சிலர் ஐயுறுவர். அங்கே கடவுளை அவரவர் கொண்ட வண்ணமே கொள்ளலாம். முருகனை நினைப்பவன் முருகனையே நினைக்கலாம்.

“யாராவது கண்டுவிடுவார்களோ?” என்பதே பெரிய பயம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த நம் ஊரில் அது இயல்பே. அதற்காகவே பெயரை வெளியிடாத விதி உள்ளது. அங்கே நம்மைக் காண்பவனும் அதே துன்பத்தோடு வந்தவன்தானே?

மொழியும் ஒரு தடை. தன் வெட்கத்தை அயல்மொழியில் யாரால் சொல்ல இயலும்? தமிழில் கூட்டம் உண்டா என்று முதலில் விசாரிப்போம். இல்லையெனின், குடியை விட விரும்பும் இருவர் மூவர் கூடினாலே ஒரு குழுவாகலாம் என்பது அச்சங்கத்தின் மரபு. அவர்களுக்கு ஓர் அறையைத் திறந்து கொடுத்துவிட்டு, நாம் வெளியே நின்றாற் போதும்.

எங்கே விசாரிப்பது? கண்டி அல்லது பேராதனை ஆஸ்பத்திரியின் உளநல வைத்தியரிடம் கேட்கலாம். கொழும்பிலே சுமித்ரயோ நிறுவனத்தின் ‘மெல் மெதுர’ இப்பணியைச் செய்கிறது. ஒன்றை மறவாதீர்கள்: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் வைத்தியர் முதலில், கூட்டம் அதன்பின்.

வீட்டாரையும் மறக்கலாகாது. குடிப்போரின் குடும்பத்தாருக்கென ‘அல்-அனொன்’ 1951இல் தோன்றியது. குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் அவர் பெயரால் ஒரு சிகிச்சை நிறுவனத்தை அமைத்தார். அங்கே குடும்பத்தாருக்கும் தனியாகப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

வாலிபர்களே, நமக்குரிய பணி சிறியது. விட வேண்டுமென்று ஒருவர் சொல்லும் நாளில், “அண்ணே, வாருங்கள், நானும் வாசல் வரை வருகிறேன்” என்று சொல்வதே அது. முதற் கூட்டத்தின் வாசற்படியே எல்லாவற்றிலும் உயர்ந்த படி. அதில் தனியே ஏற முடியாமல் திரும்பிப் போனவர் பலர். அவர் ஒருமுறை தவறி வந்தாலும் முகம் சுளியாது, அடுத்த கிழமையும் கூடப் போவோம். பேச்சினால் ஆகாதது அந்த நடையினால் ஆகலாம்.