வாட்டில் பிறக்கும் கேள்விகள் ஆய்வாக வேண்டும்

 

புனர்வாழ்வு மருத்துவம் பேச இந்த உன்னிச்சைக் குளத்தடிக்கு நாம் வந்ததற்குக் காரணம் உண்டு. போரில் கால் இழந்தவர்களும், பாரிசவாதத்தில் கை விழுந்தவர்களும், யானை அடித்து இடுப்பு ஒடிந்தவர்களும் வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வருவது இந்தப் படுவான்கரையிலிருந்துதான்.

செயற்கைக் கால் பூட்டிய வயற்காரப் பெண் கேட்கிறாள்: "சேத்துக்குள்ள இறங்கலாமா டொக்டர்? பிள்ளைத்தாச்சியானா இந்தக் கால் பொருந்துமா?" மாதவிலக்கு நாட்களைச் சக்கர நாற்காலியில் எப்படிச் சமாளிப்பது என்பதை, முள்ளந்தண்டில் அடிபட்ட இளம்பெண் பெண் வைத்தியரிடம்தான் வாய் திறந்து கேட்பாள். இவை எல்லாமே ஆய்வுக் கேள்விகள். ஆனால் கிளினிக் முடிந்ததும் அவையும் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

உலகில் சுமார் 240 கோடிப் பேருக்குப் புனர்வாழ்வுச் சேவை பயன் தரக்கூடிய உடல்நிலை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தேவை இவ்வளவு பெரிது. இத்துறையின் வைத்தியர்களோ மிகச் சிலர். நோயாளர் வரிசை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆய்வுக்கென்று தனி நேரமோ, புள்ளிவிவரம் பார்த்துத் தர ஆளோ இல்லை.

பெண் வைத்தியருக்கு இதற்கு மேலும் சுமை உண்டு. நம் மருத்துவ பீடங்களில் சேர்வோரில் பெண்களே அதிகம். ஆனால் பட்டமேற்படிப்பும் வெளிநாட்டுப் பயிற்சியும் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதிலேயே வந்து சேர்கின்றன. உலக ஆய்வாளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்கிறது யுனெஸ்கோ. தரவு திரட்டியவர் பெண்ணாக இருந்தும், கட்டுரையின் முதற்பெயர் வேறொருவருடையதாகிவிடுவதும் நடக்கிறது.

ஆனால் இத்துறைக்கு இந்தியாவில் வழி திறந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவரே ஒரு பெண்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ், 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயோர்க்கில் பயின்று திரும்பி, வேலூரில் புனர்வாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையமும் எழுந்தது. அவருடைய மனவுறுதியைப் போற்றுவோம். அதோடு, பால் பிராண்ட் என்ற ஆசான் துணை நின்றதையும், வெளிநாட்டுப் பயிற்சிக்கு வழி கிடைத்ததையும், திரும்பியவருக்குப் பொறுப்பான பதவி காத்திருந்ததையும் மறவாதிருப்போம். திறமைக்கு ஏற்பாடும் வேண்டும்.

அந்த ஏற்பாடுகளையே இன்று கேட்கிறேன். கடமைப் பட்டியலிலேயே வாரத்தில் அரை நாள் ஆய்வுக்கு ஒதுக்குங்கள். ஆய்வு நிதிக்கு வயது வரம்பு வைத்தால் மகப்பேற்றுக் காலத்தைக் கழித்துவிடுங்கள். கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். மூத்தவர் ஒவ்வொருவரும் இளம் வைத்தியை ஒருவருக்கு வழிகாட்டப் பொறுப்பேற்க வேண்டும்.

இக்கருத்தரங்கின் ஒவ்வோர் அமர்வும் கலையுமுன் இவ்வூர் மக்களின் கேள்வி ஒன்றைத் தேர்ந்து, அதை யார் ஆய்வது, யார் துணை நிற்பது என்று பெயர் குறித்துத் தர வேண்டுகிறேன். மாலை நிறைவமர்வில் அந்தப் பெயர்களை நானே வாசிப்பேன். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.