சித்வனில் முதலில் புல்லைப் பாருங்க

மாணவர்களை நேபாளத்துல இருக்கிற சித்வன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறதைப் பத்திச் சொன்னதுமே நிறையப் பேர் கேட்டது ஒண்ணுதான்: காண்டாமிருகத்தைப் பார்க்க முடியுமா? முடியும். 2021 கணக்கெடுப்பில் நேபாளம் முழுக்க 752. அதுல 694 சித்வன்லதான்.

ஆனா நான் முதல்ல காட்டுறது புல்லை. ஆளுயரத்தையும் தாண்டி வளர்ற அந்தப் புல்தான் காண்டாமிருகத்துக்குத் தீனி. அங்கேயே காலங்காலமா வாழ்ற தாரு மக்களுக்கு வீட்டுக் கூரையும் அதுதான். 1973இல் பூங்கா வந்த பிறகு, உள்ளே போய்ப் புல் அறுக்க வருஷத்துக்குச் சில நாட்கள்தான் அனுமதி. காண்டாமிருகம் மட்டும் எந்த அனுமதியும் இல்லாம ராத்திரி அவங்க நெல்வயலுக்கு வந்துடும்!

பூங்கா வருமானத்துல 30 முதல் 50 சதவீதம் வரை சுத்தியுள்ள ஊர்களுக்குப் போகணும்னு சட்டம் இருக்கு. நாம கட்டுற நுழைவுக் கட்டணமும் அந்த வருமானத்துல சேர்ந்ததுதான். 'அந்தப் பணம் உங்க தெருவுக்கு என்னவா வந்துச்சு?'ன்னு கேட்டுட்டு வாங்கன்னு மாணவர்களை அனுப்புவேன். ஒருத்தர் வேலியைக் காட்டுவார். பக்கத்து வீட்டு அம்மா, 'எங்களுக்கு ஒண்ணும் வரலை'ம்பாங்க. ரெண்டையும் எழுதிட்டு வரணும்.

யானைச் சவாரி எங்க பயணத்துல கிடையாது. அதுக்குப் பதிலா, நெல் விளைஞ்சிருக்கிற சமயமா இருந்தா, வயல்ல பரண் மேல காவல் இருக்கிறவரோட ஒரு ராத்திரி. பெற்றோர் சிலர், 'இவ்வளவு செலவு பண்ணி, கண் முழிக்கவா?'ன்னு கேக்குறாங்க. அவர் வருஷா வருஷம் முழிக்கிறாரே!