1285 ஓட்டு

தாம்பரம் இரும்புலியூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர், பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம் கேட்டார்: "தம்பி, உனக்கு ஓட்டு இருக்கா?"

"ஊர்ல இருக்கு தாத்தா. நான் இங்க ஹாஸ்டல்."

"போன தடவை போட்டியா?"

"ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கல."

பெரியவர் சிரித்தார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஊர்வலம் போன மாணவர் அவர். அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆகவேண்டும். தெருவில் தொண்டை வறளக் கோஷம் போட்ட பலருக்கு வாக்காளர் பட்டியலில் பெயரே கிடையாது. 1967-ல் தேர்தல் வந்தது. 19 வயதில் ஊர்வலம் போனவருக்கு அதற்குள் 21 ஆகியிருந்தது! விருதுநகரில் காமராஜரே தோற்றார். ஜெயித்தவர், அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன். வித்தியாசம் 1285 ஓட்டு. காமராஜர் தோற்றது நியாயமா என்று கேட்டால் இன்றைக்கும் டீக்கடையில் சண்டை வரும். நாம் அதற்குள் போகவேண்டாம்.

1989-ல் அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் ஓட்டுப் போடும் வயதை 18 ஆக்கியது. இப்போது 17 முடிந்தாலே, பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 எழுதிக் கொடுத்துவைக்கலாம். ஹாஸ்டல் பிள்ளைகள் சொந்த ஊரிலோ, ஹாஸ்டல் முகவரியிலோ, ஏதாவது ஒரு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து தாம்பரத்துக்குப் பெயரை மாற்றப் படிவம் 8. பெரியவர் இதையெல்லாம் சொல்லி முடித்தார்.

"இது தெரிஞ்சிருந்தா டிக்கெட்டே தேடியிருக்க மாட்டேனே தாத்தா!"

"நிஜமா தேடினியா?"

பையன் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.