மதிலோரம் ஒரு களா வேலி

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பின்பக்க மதிலை என்ன செய்வது என்ற பேச்சு நம் குடியிருப்பில் பல வாரங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. மதில் மேல் கண்ணாடிச் சில் பதிக்கலாம் என்கிறார்கள் சிலர். முள்கம்பிச் சுருள் போடலாம் என்கிறார்கள் வேறு சிலர். பொதுக்குழுவில் நீங்கள் கை தூக்குவதற்கு முன், மூன்றாவதாக ஒரு வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது களாச்செடி வேலி.

களாக்காய் ஊறுகாய் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களும் அதைச் சாப்பிட்டிருப்பீர்கள். பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக வைக்கிறார்களே, அந்த 'செர்ரி' பெரும்பாலும் கொட்டை நீக்கிச் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். ஆனால் நான் இன்று பேச வந்தது காயைப் பற்றி மட்டும் அல்ல. களா நல்ல பூச்செடி. கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக ஐந்து இதழ் கொண்ட வெள்ளைப் பூ பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் மணம். பிறகு காய் பச்சையிலிருந்து சிவந்து, பழுக்கும்போது நாவல் நிறத்துக்கு வரும். வருடம் முழுவதும் இலை பளபளவென்று பச்சையாக இருக்கும். இத்தனை அழகுக்கும் நடுவே கிளையெங்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் நீளமான, கெட்டியான முள். மாடும் நுழையாது, மனிதனும் நுழைய யோசிப்பான்.

இது நமக்குப் புதிய செடியும் அல்ல. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் பாடப்பட்ட சேர மன்னனின் பெயரே களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். களங்காய் கோத்த கண்ணியையும் நாரால் ஆன முடியையும் அணிந்ததால் வந்த பெயர் அது. புறநானூற்றில் சிறிய யாழின் கரிய தண்டுக்குக் களாக்கனியை உவமை சொல்லியிருக்கிறார்கள்.

வேலியாக இது எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உப்பு வரி கட்டாமல் யாரும் உப்பைக் கடத்திவிடக் கூடாது என்பதற்காக, ஆங்கிலேயர் வட இந்தியாவின் குறுக்கே நெடுந்தொலைவுக்கு ஒரு உயிர்வேலி வளர்த்தார்கள். இலந்தை, கருவேலம், சப்பாத்திக்கள்ளியோடு களாவும் அதில் இருந்தது. அதை வளர்ப்பதில் முனைந்து நின்ற அதிகாரிகளில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். 1879இல் அந்தச் சுங்க எல்லை கைவிடப்பட்டது. கவனிக்க ஆளில்லாமல் வேலியும் அழிந்துபோனது. ராய் மாக்ஸம் என்ற ஆங்கில எழுத்தாளர் அதன் எச்சத்தைத் தேடி அலைந்து 2001இல் ஒரு புத்தகமே எழுதினார். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. களா வேலி ஆளைத் தடுக்கும். ஆனால் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் எந்த வேலியும் நிற்காது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். களாவுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். நம் பின்பக்க மதிலோரம் அதற்குப் பொருத்தமான இடம். சரளை மண்ணிலும் சத்துக் குறைந்த மண்ணிலும் வளரும். வேரடியில் தண்ணீர் தேங்குவதை மட்டும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மூலையில் தண்ணீர் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே தரையை விட ஓர் அடி உயரமாக வரப்பு கட்டி அதன்மேல் நட வேண்டும். ஒன்றரை அடி ஆழம், அகலத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பினால் போதும். வேலிக்கு என்றால் செடிக்குச் செடி 2 முதல் 3 அடி இடைவெளி. மதிலிலிருந்து 2 அடி தள்ளி நட்டால்தான் பின்னால் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் போக முடியும்.

நடுவதற்கு நல்ல காலம் புரட்டாசி. வரும் மழையிலேயே வேர் பிடித்துக்கொள்ளும். விதை போட நினைப்பவர்கள் பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதையை உடனே விதைக்க வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் குறைந்துவிடும். முதல் இரண்டு கோடையில் வாரம் இரண்டு முறை தண்ணீர் கட்டாயம். அதன்பின் வறட்சியை அதுவே தாங்கிக்கொள்ளும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

கத்தரிப்பதில்தான் பலர் பூவை இழக்கிறார்கள். பூ வருவது கிளை நுனியில். செடியைச் சுவர் போல மாதாமாதம் மழித்துக்கொண்டே இருந்தால் முள் இருக்கும், பூ இருக்காது. முதல் வருடம் நுனியைக் கிள்ளிவிட்டு அடியிலிருந்து கிளைக்க வையுங்கள். பிறகு வருடத்துக்கு ஒரு முறை, காய் பறித்து முடிந்ததும் கத்தரித்தால் போதும். தடித்த கையுறையும் நீண்ட பிடி கொண்ட கத்தரியும் இல்லாமல் தோட்டக்காரரை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. வெட்டிய முள்கிளையை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும்.

உங்கள் மனதில் இருக்கும் கேள்வி குழந்தைகள். நியாயமான கேள்வி. விளையாட்டுத் திடலை ஒட்டியோ, முதியோர் நடக்கும் பாதையை ஒட்டியோ களாவை வைக்கவே கூடாது. பாதையிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளியிருக்கும் பின்மதிலுக்கு மட்டும்தான் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திடலைச் சுற்றி நாம் அழகுக்காக வைத்திருப்பது அரளி. அதன் இலை, பூ, தண்டு, விதை எல்லாமே விஷம். களாவும் அரளியும் ஒரே குடும்பம். இரண்டிலும் வெள்ளைப் பால் வடியும். ஒன்றின் பழத்தைத் தின்னலாம், மற்றொன்றை வாயில் வைக்கவே கூடாது. வேலியில் களாப்பழம் பறிக்கப் பழகும் குழந்தைக்கு இந்த வேறுபாட்டைச் செடியைக் காட்டியே சொல்லித்தர வேண்டும். திடல் பக்கத்து அரளியை எடுத்துவிட்டு அங்கே இட்லிப்பூவோ செம்பருத்தியோ வைப்பது இன்னும் நல்லது. வேலிக்கு ஒப்புதல் தராவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கடைசியாக, களா வேலியால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். இன்று நட்டால் நாளைக்குத் திருடனைத் தடுக்காது. இடைவெளி தெரியாமல் அடர்ந்து நிற்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை பின்பக்க விளக்குகள் எரிய வேண்டும், காவலாளியின் இரவுச் சுற்று நடக்க வேண்டும். கண்ணாடிச் சில் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது தவறி விழும் பந்தை எடுக்க ஏறும் நம் பையன் கையையும் கிழிக்கும். களா முள்ளும் கீறும்தான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறது, மதிலுக்கு அருகே போகவிடாமல் முன்னதாகவே நிறுத்திவிடுகிறது.

ஆகவே பொதுக்குழுவில் உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வேலிக்கு உங்கள் ஒப்புதல் ஒன்று. இரண்டு கோடைக்கு முறைவைத்துத் தண்ணீர் ஊற்ற, தளத்துக்கு ஒருவராகப் பெயர் தருவது மற்றொன்று. இரண்டாவது கிடைக்காவிட்டால் முதலாவதை நானே கேட்க மாட்டேன். கிடைத்தால், மூன்றாம் வருடம் ஊறுகாய் போடக் காய் யார் வீட்டுக்கு எவ்வளவு என்ற சண்டையை இதே கூட்டத்தில் தீர்த்துக்கொள்வோம்.