அரியணை வேட்கையும் அழிந்த உறுதிமொழியும்

(திருச்சிராப்பள்ளித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துன்பியல் நாடகத்தில் ஆட்சிவேட்கை மாந்தரை எவ்வாறு மாற்றுகிறது என்பதே எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. செகப்பிரியரின் மாக்பெத்து தொடக்கத்தில் கயவன் அல்லன். நாடு காத்த மறவன். மாயக் கிழவியர் மூவர் சொன்ன சொல், அவன் நெஞ்சில் உறங்கிய வேட்கையை எழுப்பிற்று. தன் மனைக்கு விருந்தாக வந்த மன்னனைக் கொன்றான். அக்கொலைக்குமுன் பலகால் தயங்கியவன், பின்னர் நண்பனைக் கொல்லக் கூலியாள்களைத் தயங்காமல் ஏவினான். அவனைத் தூண்டிய மனைவியோ, இல்லாத குருதிக்கறையைத் தூக்கத்தில் கழுவிக் கழுவியே மாய்ந்தாள்.

இத்தகைய நாடகம் ஒன்று நம் மலைக்கோட்டையின் அடியிலேயே நடந்திருக்கிறது.

1732இல் மதுரை நாயக்க மன்னன் விசயரங்கச் சொக்கநாதன் மகப்பேறின்றி மறைந்தான். திருவரங்கம் கோயிலில் அவன் உருவச்சிலையை இன்றும் காணலாம். அவன் மனைவி மீனாட்சி இத்திருச்சிராப்பள்ளியில் அரசேறினாள். உறவினன் வங்காரு திருமலை அரியணைக்கு உரிமை கொண்டாடினான். வீட்டுப் பூசலைத் தீர்க்க இருவரும் ஆர்க்காட்டாரை நாடினர். ஆர்க்காட்டு நவாபின் மருகன் சந்தா சாகிபு, பெரும்பொருள் பெற்றுக்கொண்டு அரசியைக் காப்பதாகத் திருமறைமீது ஆணையிட்டான். துணியால் மூடியிருந்தது திருமறையன்று, வெறுஞ் செங்கல்லே என்பது வழிவழி வரும் செய்தி. நண்பனாய்க் கோட்டைக்குள் நுழைந்தவன் தலைவனானான். சிறைப்பட்ட அரசி நஞ்சுண்டு மாண்டாள்.

இதில் அரசியும் முற்றும் பழியற்றவள் அல்லள். அரியணையைக் காக்க அயலானுக்குக் கதவு திறந்தது அவள் கையே. வெளிப்பகை மட்டும் வீழ்த்தினால் அது வெறுந் துன்பம். தன் கையும் அதற்குத் துணைநின்றால்தான் அது துன்பியல்.

நாடகம் அத்துடன் முடியவில்லை. 1741இல் மராட்டியர் கோட்டையைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு சென்றனர். ஏழாண்டுச் சிறையும் அவன் வேட்கையைத் தணிக்கவில்லை. மீண்டு வந்து, பிரெஞ்சியர் துணையோடு இதே கோட்டையை முற்றுகையிட்டான். 1752 சூன் திங்களில் அவன் படை திருவரங்கத் தீவில் அடைபட்டது. உயிர்காப்பு உறுதி பெற்றுத் தஞ்சைப் படைத்தலைவன் மானோசியிடம் சரணடைந்தான். அவ்வுறுதியும் பொய்த்தது, தலை கொய்யப்பட்டது. அவன் பொய்யாணையிட்ட தளவாய் மண்டபமே அவன் கொலைக்களமாயிற்று என்றும் சொல்வர். வென்ற முகமதலியும் சொல் காத்தானல்லன். துணைக்கு வந்த மைசூராருக்குத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக வாக்களித்து, பின்பு மறுத்தான். 1801இல் அனைத்தும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

இதனைச் சமயப் பழியாகக் கொள்ளற்க. பொய்த்தவர் எல்லாச் சமயத்தும் இருந்தனர். அவர்கள் மாறிமாறிப் பொருதபோது மிதிபட்டது காவிரிக்கரைத் தமிழ் உழவனின் வயல்.

வேட்கை மாந்தரை ஒரே நாளில் மாற்றுவதில்லை. முதலில் சொல்லின் பொருளை மாற்றுகிறது. உறுதிமொழி வெறும் கருவியாகிறது. பின்னர் நட்பை விலைப்படுத்துகிறது. இறுதியில் அச்சத்தையே துணையாக்குகிறது.

பேராசிரியர் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் குடிலன் என்னும் அமைச்சன் இருக்கிறான். மன்னனின் நம்பிக்கையைப் பெற்றே அவன் அரியணைக்குக் குழிபறிக்கிறான். அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கம் 1970இல் நம் நாட்டு வாழ்த்தாயிற்று. எழுந்துநின்று அதனைப் பாடுகிறோம், குடிலனை மறந்துவிடுகிறோம். வாழ்த்தைப் பாடும் வாயினருள்ளும் குடிலர் இருத்தல் கூடும்.

தமிழுக்கு உழைப்போம் என்று சூளுரைத்தவர் பலர். இருக்கை கிடைத்ததும் அச்சூளுரையைச் செங்கல்லாக்கியவர் எத்தனைபேர்? பிறரைச் சுட்டுமுன் நாமும் நம் நெஞ்சைக் கேட்போம். நாளை நமக்கே ஓர் இருக்கை நீட்டப்பட்டால், நம் துணிக்குள் இருப்பது திருமறையா, செங்கல்லா?

தமிழை ஏணியாக்காமல் உயிராகக் கொள்வோம். வாழ்க தமிழ்!