ராதாவைக் கேட்டவர் யார்?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழாசிரியன் ஒருவனுக்கு மதுரையும் எட்டுத்தொகையும்தான் நினைவில் வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு சங்கம். ராஜ் கபூர் இயக்கி நடித்து 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தித் திரைப்படம் அது. கங்கையும் யமுனையும் கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதியும் கூடுகின்ற இடத்தின் பெயரே படத்தின் பெயர். மூன்று ஆறுகள், கதையிலும் மூன்று பேர்.

1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சிறுவர்களில் நானும் ஒருவன். அச்சுவேலியில் எங்கள் அயலில் நடந்த கலியாண வீடொன்றில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சியும் டெக்கும் வந்திறங்கின. அம்மான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த படம்தான் 'சங்கம்'. ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம். புதுமணத் தம்பதிகள் வெனிஸ், பாரிஸ், சுவிற்சர்லாந்து என்று சுற்றிக்கொண்டிருக்கும்போது மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. மிச்சக் கதையை அம்மான்தான் இருட்டில் சொன்னார். "நண்பனுக்காகக் கோபால் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்தான். அவனல்லோ மனிசன்!" என்று முடித்தார். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு போனோம்.

கதை இதுதான். சுந்தரும் கோபாலும் உயிர் நண்பர்கள். சுந்தர் ராதாவை விரும்புகிறான். ராதாவோ கோபாலை விரும்புகிறாள். கோபாலுக்கும் அவள்மேல் அன்பு. நண்பனின் விருப்பம் தெரிந்தவுடன் கோபால் வாய்மூடி ஒதுங்குகிறான். விமானப்படைக்குப் போன சுந்தர் இறந்துவிட்டதாகச் செய்தி வர, கோபாலும் ராதாவும் நெருங்குகிறார்கள். இறந்தவன் திரும்பி வருகிறான். கோபால் மீண்டும் ஒதுங்க, ராதா சுந்தருக்கு மனைவியாகிறாள். ஐரோப்பியப் பயணம் தொடங்குகிறது. ஆனால் இருவராய்ப் போனாலும் மூன்றாமவன் கூடவே வருகிறான். கோபால் முன்பு பெயர் போடாமல் எழுதிய காதற்கடிதம் ஒன்று ராதாவிடம் கிடக்கிறது. பின்னர் அது கணவன் கையில் அகப்பட, சந்தேகம் மூளுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது.

அகத்திணையைத் தொல்காப்பியர் ஏழாக வகுத்து, முதலில் கைக்கிளையை வைத்தார். மறுமொழி பெறாமலே ஒருவன் தானாகச் சொல்லித் தானாக மகிழ்வது அது. சுந்தரை இதைவிடச் சரியாக வரையறுக்க முடியுமா? மரக்கிளையில் ஏறியிருந்து, நீரில் நிற்கும் ராதாவிடம் இந்தச் சங்கமம் நடக்குமா நடக்காதா என்று அவன் பாட்டாய்ப் பாடுகிறான். தொல்லை தாங்காமல் நடக்கும் என்கிறாள். அதையே அவன் சம்மதமாக எடுத்துக்கொள்கிறான்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேல்நாட்டார்க்குக் கோடை கூடும் பருவம். 2008 இல் வந்த 'விக்கி கிறிஸ்ரினா பார்சலோனா' என்ற படத்தில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் கோடையைக் கழிக்க ஸ்பெயின் போகிறார்கள். ஓர் ஓவியன்மேல் இருவருக்கும் மனம் செல்கிறது. அவனுடைய முன்னாள் மனைவியும் வந்து சேர்கிறாள். கோடை முடிய, பெண்கள் இருவரும் ஊர் திரும்புகிறார்கள். யாரும் தியாகியாகவில்லை. நமது இலக்கணத்திலோ வேனில் பாலைக்கு உரியது, பிரிவின் பருவம். கடல்கடந்து போகும் ஆடவன் பெண்ணை உடன் கொண்டுபோவதில்லை என்பதும் தொல்காப்பியர் குறித்த வழக்கு. ராஜ் கபூரோ ராதாவைக் கடல்கடந்து கூட்டிப் போனார். போன இடத்திலும் அவள் மனம் பாலையாகவே இருந்தது.

நமது படங்களில் முக்கோணத்தை அவிழ்க்கும் வழி பெரும்பாலும் ஒன்றே: ஒருவர் சாக வேண்டும். ஶ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962 இல் வந்தது. பழைய காதலியின் கணவனைக் காப்பாற்றிய வைத்தியர் இறுதியில் இறந்துபோகிறார். சாவு வந்தவுடன் நாம் அழுகிறோம். அழுகையில் கேள்வி கரைந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியை எனக்குக் கேட்டுத் தந்தவள் ஒரு மாணவி. மாலை வகுப்பில் கைக்கிளையை விளக்க இந்தக் கதையைச் சொன்னேன். அம்மான் சொன்னபடியே, கோபாலைப் புகழ்ந்து முடித்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், அவளிட்டை ஆரும் கேட்கேல்லையே?"

எனக்கு மறுமொழி வரவில்லை. அன்றிரவுதான் படத்தை முடிவுவரை பார்த்தேன். நண்பர்கள் இருவரும் தங்கள் நட்பின் பெருமையைக் காக்க, ஒரு பெண்ணை இவன் கையிலிருந்து அவன் கைக்கு மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் அவள் தன் மனக்குமுறலைக் கொட்டவும் செய்கிறாள். அம்மான் சொன்ன கதையில் அந்த இடம் இல்லை. நான் சொன்ன கதையிலும் இல்லை.

அந்தப் பிள்ளை ஏன் கேட்டாள் என்பது பிறகுதான் விளங்கியது. ஆடி, ஆவணி மாதங்களில் நமது ஊர்களுக்குக் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து விடுமுறைக்கு உறவினர் வருவார்கள். நல்லூர்த் திருவிழாவும் நடக்கும். கலியாணப் பேச்சும் நடக்கும். அவளுக்கும் ஒன்று வந்திருந்தது. ஒரு பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளை. மறுபக்கம் சிறுவயதிலிருந்தே பேசிவைத்த முறை மச்சான். இரண்டு பகுதியாரும் கோபித்து, சமாதானமாகி, விட்டுக்கொடுத்து, பெருந்தன்மை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

தகப்பன் ஒருநாள் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், மச்சான் பகுதி விலகிறம் எண்டு சொல்லிப்போட்டினம். நல்ல சனம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"முதலிலை பிள்ளையைக் கேளுங்கோ ஐயா" என்றேன்.

அவர் சற்றுநேரம் பேசாமல் நின்றார். பின்னர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கேட்டாரோ என்பது எனக்குத் தெரியாது. பிள்ளை பரீட்சைக்கு வந்து எழுதினாள் என்பது மட்டும் தெரியும்.

விட்டுக்கொடுப்பது நல்ல குணந்தான், நேயர்களே. ஆனால் விட்டுக்கொடுக்கும் பொருள் நம்முடையதாக இருக்கவேண்டும். கோபால் விட்டுக்கொடுத்தது ராதாவின் வாழ்க்கையை. அகப்பாட்டில் தலைவிக்குப் பேச்சு உண்டு. அவள் பேச்சைக் கேட்கத் தோழி உண்டு. நமது வீடுகளில் அந்தத் தோழியின் இடத்தில் யாராவது ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த இடத்தில் நீங்கள் இருங்கள்.