நிலத்தை வகுக்கும் உரிமை யாருக்கு?



எந்த நிலம் வயலாக நிற்க வேண்டும், எந்த நிலம் காடாக வளர வேண்டும், எங்கே ஆலை எழ வேண்டும், எந்தக் கால் வழியே நீர் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவன் எவனோ, அவனே ஒரு நாட்டை உண்மையில் ஆளுகிறவன். பட்டா உழவன் பெயரில் இருக்கலாம். ஆனால் அந்நிலத்தின் நாளை வேறெங்கோ எழுதப்படுமானால், அவன் தன் நிலத்திலேயே குடியிருப்பாளன்தான்.

இந்த உண்மையைப் புதுக்கோட்டை மாவட்டத்தைப்போல் எடுத்துக்காட்டும் இடம் தமிழகத்தில் அரிது. தொண்டைமான்கள் ஆண்ட அந்நிலம் 1948 மார்ச்சு 3 இல் இந்தியாவோடு இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1974 சனவரி 14 இல், தஞ்சை மாவட்டப் பகுதிகளும் சேர, தனி மாவட்டமாயிற்று. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அங்கே இல்லை. வானம் பார்த்த அந்த மண்ணை வாழவைத்தவை ஏரிகளும் கண்மாய்களுமே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை அவை.

அவை தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேலைக் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே வழிந்து, வாரியில் ஓடிக் கீழைக் கண்மாயை நிறைக்கும். இப்படி ஊருக்கு ஊர் கைகோத்து வெள்ளாற்றையும் கடலையும் சேரும். கண்மாயின் உள்ளே கல்தூண்கள் நிறுத்திக் குமிழி அமைத்தனர். அதில் நீரோடித் துளை வயலுக்கு நீர் தந்தது. சேறோடித் துளை அடியில் படிந்த வண்டலை வெளியேற்றியது. குமிழி அமைத்தோர் பெயரும், ஏரி காக்க விடப்பட்ட நிலமும் கல்லில் வெட்டப்பட்டன. புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் 1929 இல் நூலாக வெளிவந்தபோது அச்செய்திகள் உலகிற்குத் தெரிந்தன. நீரின் போக்கைக் கண்டு ஊரை வகுத்த அறிவு அது.

இதே அறிவை ஐரோப்பா அண்மைக் காலத்தில்தான் ஆவணமாக்கியது. 1970 இல் செருமனியின் பான் நகரில் ஐரோப்பிய நாடுகளின் நிலத்திட்ட அமைச்சர்கள் முதன்முறையாகக் கூடினர். 1983 இல் எசுப்பானியாவின் தோரமோலினோசு நகரில் ஒரு பட்டயம் ஏற்றனர். வட்டாரங்களின் சீரான வளர்ச்சி, மக்களின் வாழ்க்கை மேம்பாடு, இயற்கை வளங்களைப் பொறுப்போடு ஆளுதல், நிலத்தை அறிவார்ந்து பயன்படுத்தல் ஆகிய நான்கும் அதன் நோக்கங்கள். மக்கள் பங்கேற்பும் அதில் வலியுறுத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய நீர்ச் சட்டம், நாட்டெல்லையை விடுத்து ஆற்றுப் படுகையையே திட்டத்தின் அலகாகக் கொண்டது. பல நாடுகளைக் கடக்கும் இரைன் ஆற்றை ஒரே ஆறாகப் பார்க்க அவர்கள் கற்றுக்கொண்டனர்.

இங்கே நடந்ததென்ன? 1974 இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தோன்றியது. புதுக்கோட்டையின் காட்டு நிலங்களில் தாள் ஆலைகளின் தேவைக்காகத் தைலமரம் பெருகியது. மரத்தோப்புகளில் எழுப்பிய வரப்புகள் மழைநீரை மறித்துவிடுகின்றன, வாரிகள் வறண்டு கண்மாய்கள் காய்கின்றன என்பது அவ்வூர் உழவர்களின் நெடுநாள் முறையீடு. ஆலைக்கும் தாள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சரிவில் எந்த மரம் என்பதைக் கீழேயிருக்கும் கண்மாயைக் கேட்டல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

அடுத்து வந்தது நெடுவாசல். 2017 பிப்பிரவரி 15 இல் நடுவண் அமைச்சரவை நீரகக் கரிமம் எடுக்க இசைவளித்த இடங்களுள் அதுவும் ஒன்று. வாழையும் கடலையும் மலரும் விளையும் அந்த ஊர் மக்கள், செய்தி வந்த பிறகே தங்கள் நிலத்தின் தலையெழுத்தை அறிந்தனர், கிளர்ந்தெழுந்தனர். பெண்களும் மாணவரும் திரண்ட அந்த அறப்போர் தமிழகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதன் பயனாகவும் காவிரிப் படுகை மக்களின் பிற போராட்டங்களின் பயனாகவும் 2020 இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. வரவேற்கத்தக்க வெற்றி! ஆனால் அதன் எல்லையைக் கூர்ந்து நோக்குங்கள். புதுக்கோட்டையின் பதின்மூன்று ஒன்றியங்களுள் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்தே அதனுள் அடங்கின. அன்னவாசலும் திருமயமும் அரிமளமும் வெளியே நின்றன. வெள்ளாறோ மேற்கே இருந்து இறங்கி, மணமேல்குடிப் பகுதியில் கடலைச் சேர்கிறது. கடைமடையைக் காக்கச் சட்டம் செய்து தலைமடையைத் திறந்துவிட்டால் அது காப்பாகுமா? கோடு ஒன்றிய எல்லையில் போடப்பட்டது. நீர் அந்தக் கோட்டை அறியாது.

2021 பிப்பிரவரி 21 இல் குன்னத்தூரில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாயனூர்க் கதவணையிலிருந்து நொடிக்கு 6,300 கன அடி வெள்ளநீரைக் கொணரும் 262 கல்லளவு, அதாவது கிலோமீட்டர், நீளக் கால்வாய் அது. வறண்ட மண்ணுக்கு அது நன்மையே. ஆயினும் நிலச்சரிவின் குறுக்கே செல்லும் கால்வாய் எத்தனை வாரிகளை வெட்டிச் செல்லும்? ஒவ்வொரு வாரிக்கும் கீழே வழி விட்டால்தான் புதிய நீர் பழைய நீரைக் கொல்லாது. அந்தக் கணக்கு ஊர்க்காரனிடம்தான் இருக்கிறது.

கேட்க வழியில்லை என்று சோர வேண்டா. அரசியலமைப்பில் 1993 இல் நடைமுறைக்கு வந்த 74 ஆம் திருத்தம், ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஒரு திட்டக்குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர், ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் தம்முள் தேர்ந்தவராக இருத்தல் வேண்டும். நிலப்பரப்பை வகுத்தல், நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்தல், சுற்றுச்சூழல் காத்தல் ஆகியவற்றைக் கருதியே அக்குழு மாவட்டத் திட்டத்தை வரைய வேண்டும். 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் வட்டாரத் திட்டத்திற்கு இடமுண்டு. கருவி கையில் இருக்கிறது. அதைப் பிடிக்கும் கை வேண்டும்.

ஆகவே, இளைஞர்களே! ஒவ்வோர் ஊரிலும் கண்மாயின் வரத்து வாரி எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டது, கலிங்கு எந்த ஊரை நோக்கியது என்று நடந்து பார்த்து வரைபடம் எழுதுங்கள். முதியோரிடம் மடைகளின் பெயரைக் கேட்டுக் குறியுங்கள். அதை ஊர்மன்றத்தில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். மாவட்டத் திட்டக்குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்துங்கள். தன் நீரின் வழியறியாத ஊருக்கு மண்ணுரிமை வெறும் முழக்கமாகவே நிற்கும். வழியறிந்த ஊரைக் கேளாமல் எவரும் கோடு போட முடியாது!

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ் மண்!